வேளாண் சட்டம் எங்கே இருக்கிறது?

ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை 1923 டிசம்பரில் ஒரு தீர்மானத்தின் மூலம் அபினிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அந்தச் சட்டம் அரசிதழில் வெளியாகவில்லை. வேறு எந்த வகையிலும் மக்களுக்கு அறிவிக்கப்படவுமில்லை. பின்னாளில் அதை மீறியதாக ஒருவருக்கு 50 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அற்பத் தொகைதான். ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஹர்லா எதிர் ராஜஸ்தான் அரசு என்ற அந்த வழக்கில் 1951இல் தீர்ப்பு எழுதிய நீதிபதி விவியன் போஸ், மக்கள் அறிய வழியே இல்லாத ஒன்றைக் கொண்டு அவர்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரண் என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தார். தண்டிக்கும் சட்டத்துக்கு இந்த நெறி போதுமானது. உரிமை தரும் சட்டம் மக்களுக்கு எட்டாத இடத்தில் இருந்தால் என்ன ஆகும்? அதை எந்த நீதிமன்றமும் ரத்து செய்யாது. சட்டம் செல்லுபடியாகவே இருக்கும். உரிமைக்கு உரியவர் அதைக் கேட்காமலேயே காலம் கழிப்பார். நம் வேளாண் சட்டங்களின் பெரும்பகுதி இந்த நிலையில்தான் இருக்கிறது. அவற்றைத் தேடி, தேதிவாரியாகத் தொகுத்து, தமிழில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி வைப்பதை ஆராய்ச்சியாளர்களின் வசதி என்று நாம் எண்ணி வந்திருக்கிறோம். பாசன வாய்க்காலைப் போல அதுவும் வேளாண்மையின் அடிப்படைக் கட்டமைப்பு என்பதே இந்த உரையில் நான் நிறுவ விரும்புவது.

முதலில் சட்டம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் வேளாண்மை மாநிலப் பட்டியலின் 14ஆம் பதிவு. நிலம் 18, சந்தைகள் 28, உழவர் கடன் நிவாரணம் 30. இதோடு நின்றிருந்தால் ஆராய்ச்சி எளிது. ஆனால் 1954ஆம் ஆண்டின் மூன்றாம் அரசமைப்புத் திருத்தம் உணவுப் பொருள்களின் உற்பத்தி, வழங்கல், விநியோகம், வணிகம் ஆகியவற்றைப் பொதுப் பட்டியலின் 33ஆம் பதிவில் சேர்த்தது. கலப்படத் தடுப்பும் பொதுப் பட்டியலில்தான் இருக்கிறது. இதனால் ஒரே கரும்பு வயலில் நிற்கும்போது ஓர் அதிகாரத்துக்கும், விலை பேசப்படும்போது இன்னொன்றுக்கும், ஆலைக்குள் போனபின் மற்றொன்றுக்கும் உட்படுகிறது. உத்தரப் பிரதேசத்தின் கரும்புச் சட்டம் செல்லுமா என்ற டீக்கா ராம்ஜி வழக்கில் 1956இலேயே உச்ச நீதிமன்றம் இந்த எல்லைகளை அளந்து பார்க்க நேர்ந்தது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நாடாளுமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றும் சட்டங்கள் பெரும்பாலும் அதிகாரத்தை மட்டுமே வழங்குகின்றன. உழவரைத் தொடும் உள்ளடக்கம் அந்த அதிகாரத்தின் கீழ் துறைகள் பிறப்பிக்கும் ஆணைகளில் இருக்கிறது. கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை 1966, விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983, உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985 ஆகிய மூன்றும் 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவிலிருந்து பிறந்தவை. சட்டத்தை மட்டும் படித்தவர் இவற்றின் ஒரு வரியையும் அறிய மாட்டார். ஆணைகளுக்கும் கீழே அரசாணைகள், சுற்றறிக்கைகள், துறைக் கடிதங்கள் என்று அடுக்குகள் இறங்கிக்கொண்டே போகின்றன. கீழே போகப் போக உழவரின் வாழ்க்கைக்கு நெருக்கம் கூடுகிறது. ஆவணத்தைக் கண்டெடுக்கும் வாய்ப்பு குறைகிறது.

கரும்பை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இந்த வாதத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின் 3ஆம் கூறு, கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் தாமதமான காலத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. தராத தொகையை நில வருவாய் பாக்கியைப் போல வசூலிக்கவும் அதே ஆணையில் வழி இருக்கிறது. இந்த நாட்டில் விளைபொருளை விற்றவருக்கு இவ்வளவு வலுவான சட்டப் பாதுகாப்பு வேறு எந்தப் பயிரிலும் இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நிலுவைத் தொகை கேட்டு ஆலை வாசலில் போராட்டம் நடக்கும்போது கோரிக்கைப் பட்டியலில் அசல் இருக்கும். வட்டி பல நேரங்களில் இருக்காது, இருந்தாலும் சலுகை கேட்பதுபோல் இருக்கும். விலையிலும் இதே நிலைதான். 2009இல் இந்த ஆணை திருத்தப்பட்டு நியாயமான, ஆதாயமான விலை என்ற முறை வந்தது. 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு (கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரையின் விகிதம்) டன்னுக்கு 3,550 ரூபாய் அறிவிக்கப்பட்டது. பிழிதிறன் எவ்வளவு குறைந்தாலும், 9.5 சதவீதத்துக்குக் கீழே போனாலும், 3,290 ரூபாய் 50 காசுக்குக் குறையக்கூடாது என்ற தளமும் அதோடு சேர்ந்தே அறிவிக்கப்பட்டது. பிழிதிறன் குறைவாக இருக்கும் தமிழ்நாட்டு உழவருக்கு முதல் எண்ணைவிட இரண்டாவது எண்தான் முக்கியம். செய்தித் தலைப்புகளில் வருவதோ முதல் எண். ஆணையின் வாசகம் கையில் இருந்தால் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எந்த நிபுணரும் தேவையில்லை.

நெல்லில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வாங்கும் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஒன்றிய அரசின் தர வரையறை. காவிரிப் படுகையில் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவது. மழை பிடித்துக்கொண்டால் 17க்குள் நெல்லைக் காயவைக்கக் களமும் இல்லை, வெயிலும் இல்லை. மாநில அரசு தளர்வு கேட்கும். ஒன்றியத்திலிருந்து குழு வந்து மாதிரி எடுக்கும். பிறகு 17க்கு மேல் இத்தனை சதவீதம் வரை ஏற்கலாம், விலையில் இவ்வளவு பிடித்தம் அல்லது பிடித்தம் இல்லை என்று ஒரு கடிதம் வரும். எந்த மாவட்டங்களுக்கு, எந்தத் தேதி வரை என்பதும் அந்தக் கடிதத்தில்தான் இருக்கும். கொள்முதல் நிலையத்தின் முன் கொட்டி வைத்த நெல்லின் விதி அதில் எழுதப்பட்டிருக்கிறது. அது சட்டமும் இல்லை, ஆணையும் இல்லை, வெறும் கடிதம். நாளிதழில் இரண்டு பத்தி செய்தியாக வந்து போகும். ஐந்து ஆண்டு கழித்து, எந்தெந்தப் பருவத்தில் எத்தனை நாள் தாமதமாகத் தளர்வு கிடைத்தது, அந்தத் தாமதத்தில் எவ்வளவு நெல் முளைத்துப் போனது என்று ஆராய விரும்புபவர் எங்கே போவார்? இந்தக் கடிதங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தால், ஒவ்வோர் ஆண்டும் கெஞ்சிப் பெறும் தளர்வை நிரந்தர விதியாக மாற்றக் கோருவதற்கான வலுவான மனு அந்த அடுக்கிலேயே இருக்கும். 2022 முதல் கொள்முதல் பருவம் தமிழ்நாட்டில் அக்டோபருக்குப் பதில் செப்டம்பர் 1இல் தொடங்கியதும் குறுவையின் காலக்கணக்கை ஆதாரத்தோடு எடுத்துச் சொன்னதால்தான்.

விதைக்கு வருவோம். பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001இல் நிறைவேறியது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைக்கூட உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், வணிகப் பெயர் இடாமல் விற்கவும் செய்யலாம் என்று அதன் 39ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியிருந்தும் 2019இல் குஜராத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட சில உழவர்கள் மீது பெப்சிகோ நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. 39ஆம் பிரிவை நாடெங்கும் எடுத்துச் சொன்னவர்கள் இருந்ததால் எதிர்ப்பு திரண்டு, அந்த ஆண்டு மே மாதத்தில் வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ரகத்தின் பதிவு 2021இல் ரத்தானதும், 2024இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்த ரத்தை விலக்கியதும் தனிக் கதை. பதிவு செல்லுமா என்பது ஒரு கேள்வி, உழவரின் உரிமை என்ன என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பாமல் பேச வேண்டுமானால் மூல வாசகம் முன்னால் இருக்க வேண்டும். இன்னொரு தீர்ப்பையும் சொல்லியாக வேண்டும். முளைக்காத விதையை வாங்கி நட்டப்பட்ட உழவர் நுகர்வோரே. நுகர்வோர் மன்றத்தை நாடலாம். விதைத்த விதையில் கொஞ்சம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவென்று ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்க்க முடியாது என்று 2012இல் மதுசூதன் ரெட்டி வழக்கில் தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்த்தது. விதை மூட்டையோடு இந்தத் தீர்ப்பின் சுருக்கமும் தமிழில் கொடுக்கப்பட வேண்டும் என்பேன்.

குத்தகை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் எனத் தமிழ்நாட்டில் சட்டங்களுக்குக் குறைவில்லை. கடைசியாகச் சொன்னது, ஊர்தோறும் குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்கிறது. வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவர் அந்தப் பதிவேட்டில் இல்லாததால் கடன், காப்பீடு, வெள்ள நிவாரணம் ஒவ்வொன்றிலும் இடறுகிறார். 2019இல் தொடங்கிய ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித் திட்டமும் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மட்டுமே. இந்தச் சட்டங்கள் தோற்றனவா, வென்றனவா என்று சட்ட வாசகத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக் கொண்டு எழுதுவித்து 1918இல் வெளியிட்ட ஊராய்வுகளும், அதே ஊர்களுக்குத் திரும்பிப் போய் தாமஸும் ராமகிருஷ்ணனும் 1940இல் வெளியிட்ட மறு ஆய்வும் போன்றவை சட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் படிக்கப்பட வேண்டும். ஒரே ஊரைத் தலைமுறை தலைமுறையாக அளந்து பார்த்த இப்படிப்பட்ட ஆவணங்கள் தமிழ்நாட்டின் பெருஞ்செல்வம். வேளாண் சட்டம் படிக்கும் மாணவருக்கு அவற்றின் பெயரைக்கூட நாம் சொல்வதில்லை.

கொள்கை விவாதத்துக்கும் இதே குறை உண்டு. குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்டமே கிடையாது. 1965இல் தொடங்கிய வேளாண் விலைக் குழு, இன்றைய பெயரில் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம், பரிந்துரைக்கிறது, அமைச்சரவை அறிவிக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2004 முதல் 2006 வரை தந்த ஐந்து அறிக்கைகளும் மேடைதோறும் பேசப்படுகின்றன. ஆதரவு விலை, எடையிட்ட சராசரி உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது 50 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. செலவைக் கணக்கிட மூன்று அளவுகோல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. கையிலிருந்து போன செலவு ஒன்று. அதோடு குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்த்தது இரண்டாவது. சொந்த நிலத்தின் வாடகையையும் முதலீட்டின் வட்டியையும் சேர்த்தது மூன்றாவது. அரசு இரண்டாவதைக் கொண்டு வாக்குறுதி நிறைவேறிவிட்டது என்கிறது; உழவர் அமைப்புகள் மூன்றாவதைக் கொண்டு இல்லை என்கின்றன. எந்த அளவுகோல் நியாயம் என்பதில் என் சார்பு உழவர் பக்கமே. ஆனால் அந்த வாதம் சுவாமிநாதன் ஆணையத்தின் பக்கங்களையும் விலை ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் செலவுக் கணக்குகளையும் படித்தவர்களால் நடத்தப்பட்டால்தான் வெல்லும். 2020இன் மூன்று வேளாண் சட்டங்கள் இதைவிட வருந்தத்தக்க சான்று. ஜூனில் அவசரச் சட்டங்களாக வந்தன; செப்டம்பரில் நிலைக்குழுவின் ஆய்வுக்குப் போகாமலேயே நிறைவேறின. சட்டத்தின் கீழ் எழும் தாவாவை உரிமையியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது என்ற பிரிவைப் பெரும்பாலோர் சட்டம் வந்த பிறகே அறிந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் தடை விதித்து அமைத்த குழு, மார்ச் மாதம் மூடிய உறையில் அறிக்கை தந்தது. நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்ததோ 2022 மார்ச்சில், குழு உறுப்பினர் ஒருவர் தாமே வெளியிட்டபோது. நாடே விவாதித்துக்கொண்டிருந்தபோது அந்த விவாதத்துக்கென்றே தொகுத்த சான்று பூட்டிக் கிடந்தது. அறிக்கையின் முடிவோடு ஒத்துப்போகாதவர்களுக்கும் அதைப் படித்து மறுக்கும் உரிமை இருந்தது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, இன்னொரு தொகுப்பு எதற்கு என்பது முதல் மறுப்பு. ஒன்றிய அரசிதழ் 2015 அக்டோபர் முதல் மின்வடிவில் மட்டுமே வருகிறது. சட்டங்களுக்கு இந்தியா கோட் தளம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம், ஒரு பகுதி தமிழிலும் கிடைக்கிறது. இவை பெரிய முன்னேற்றங்கள்; மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அரசிதழில் தேட, எந்தத் துறை, எந்தத் தேதி என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சட்டத் தளத்தில் இன்றைய வாசகம் கிடைக்கும். பத்தாண்டுக்கு முந்தைய பருவத்தின் நிலுவைக்கு வழக்காடுபவருக்கு அந்த ஆண்டின் வாசகம் வேண்டும். துறைக் கடிதங்களோ எந்த அட்டவணையிலும் இல்லை. கிடங்கில் நெல் இருப்பதும் வீட்டுப் பானையில் சோறு இருப்பதும் ஒன்றாகாது.

மொழிபெயர்ப்பு சட்டத்தின் பொருளைத் திரித்துவிடும், இரண்டு பாடங்கள் இருந்தால் தாவா பெருகும் என்று சட்டம் அறிந்தவர்கள் சொல்வார்கள். இது நியாயமான அச்சம். அதற்கான விடையை நாடாளுமன்றமே 1973இல் தந்துவிட்டது. அந்த ஆண்டின் ஒன்றியச் சட்டங்களின் அதிகாரபூர்வப் பாடங்கள் குறித்த சட்டம், குடியரசுத் தலைவரின் அதிகாரத்தோடு அரசிதழில் வெளியாகும் மாநில மொழிப் பாடத்தை அதிகாரபூர்வப் பாடமாக ஏற்கிறது. சட்டங்களுக்கு மட்டுமன்றி அவற்றின் கீழ் வரும் ஆணைகளுக்கும் விதிகளுக்கும் இது பொருந்தும். கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டத்தக்க தமிழ்ப் பாடமாக வெளியிடப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும், யாரும் கேட்காமலேயே அரசு வெளியிட வேண்டிய தகவல்களை உள்ளூர் மொழியைக் கருத்தில் கொண்டு பரப்பச் சொல்கிறது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. உழவருக்குத் தண்ணீர் இல்லை, விலை இல்லை. உரிமை தெரிந்தாலும் அதிகாரி மதிப்பதில்லை. ஆவணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அறிவு மட்டும் அதிகாரத்தை வளைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறிவு பரவியபோது என்ன நடந்தது என்பதற்குச் சான்று இருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், அந்த ஆண்டு நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் எட்டு உணவுத் திட்டங்களைச் சட்ட உரிமைகளாக்கியது. அதே ஆணையில், இந்த உத்தரவை வட்டார மொழிகளில் பெயர்த்து ஊராட்சிகளிலும் அரசுப் பள்ளிக் கட்டடங்களிலும் நியாய விலைக் கடைகளிலும் பார்வையில் படும்படி வைக்கச் சொன்னது. நீதிமன்றத்தின் பின்னாளைய உத்தரவுகளையும் உணவு உரிமை இயக்கத்தினர் தொகுத்துக் கையேடாகப் பரப்பினார்கள். தமிழ்நாட்டில் முன்பே வேரூன்றியிருந்த சமைத்த மதிய உணவு, அதற்குப் பிறகு பல மாநிலங்களில் பள்ளிக்குப் பள்ளி பரவியது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அந்த இயக்கமே பாதை வகுத்தது. எழுதி ஒட்டிய ஒரு தாள் தனியாக இதைச் செய்யவில்லை. எது உரிமை என்று சுவரில் எழுதியிருந்ததால் அதைக் கேட்டவர்களை விரட்டுவது கடினமாயிற்று.

வேளாண் சட்டத்துக்கென்றே தனி ஆய்வு மையம் வைத்திருக்கும் நாடுகள் உண்டு. அமெரிக்காவில் 1987இல் நாடாளுமன்ற நிதியோடு ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் தேசிய வேளாண் சட்ட மையம் தொடங்கப்பட்டது. அந்நாட்டின் தேசிய வேளாண் நூலகத்தோடு சேர்ந்து இயங்கும் அது, மாநிலங்களின் சட்டங்களைத் தலைப்புவாரியாக அடுக்கி, எந்தத் தரப்புக்கும் சாயாமல் பொதுமக்களுக்குக் கட்டணமின்றி வழங்குகிறது. அங்கே பெருநிலக்காரர் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள முடியும். ஆனாலும் அரசு இதற்குச் செலவு செய்கிறது. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவரே பெரும்பான்மையாக உள்ள நம்மிடம் இதன் தேவை பல மடங்கு கூடுதல். கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எழும்பூரில் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. வேளாண்மை படித்தவருக்குச் சட்டம் தெரியாது, சட்டம் படித்தவருக்கு ஊர்ப் பயிர்க் கணக்கான அடங்கல் தெரியாது என்ற இடைவெளியை இந்த நான்கும் சேர்ந்தால் நிரப்பலாம். தொகுப்பவர்கள் தமக்குப் பிடித்ததை மட்டும் சேர்த்துவிடுவார்கள் என்ற ஐயத்துக்கு இடமில்லாதபடி, நிறைவேறாத மசோதாவும், அரசு புறக்கணித்த அறிக்கையும், நீதிமன்றம் தள்ளுபடி செய்த மனுவும் அதில் இடம்பெற வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வைக்கிறது. அடுத்த அறிக்கையில் இந்தத் தொகுப்புக்கு ஒரு தலைப்பு ஒதுக்கும்படி அரசைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கு வந்திருக்கும் சட்ட மாணவர்களிடமும் வேளாண் மாணவர்களிடமும் கேட்பது இன்னும் எளிது. மையம் அமையும் வரை காத்திருக்க வேண்டாம். கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின் 3ஆம் கூறை நல்ல தமிழில் எழுதி, வட்டியைக் கணக்கிடும் முறையையும் விண்ணப்ப மாதிரியையும் சேர்த்து, அடுத்த அரவைப் பருவம் தொடங்கும் முன் உங்கள் மாவட்டத்தின் ஒவ்வொரு கரும்பு விவசாயிகள் சங்கத்திடமும் கொண்டு சேருங்கள்.